பௌதிகவியலை விடலாமா?

மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தையார் எமக்கு எழுதிய கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கொப்பித் தாளில், பென்சிலால், இரு பக்கமும் நெருக்கி எழுதப்பட்ட கடிதம். அவருடைய மூத்த மகள் க.பொ.த. சாதாரண தரத்திலே நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள்; விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் அதிவிசேட சித்தி. சிறு வயது தொட்டு வைத்தியராக வேண்டும் என்பது அவளது ஆசை. அவள் கற்கும் பாடசாலையில் உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவு உண்டு. ஆனால் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஆகவே, "பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுக்கட்டும், அதுவும் அதே பிரிவுதான், புள்ளியும் கூட வரும்" என்று பாடசாலையில் சொல்லியிருக்கிறார்களாம். தந்தையார் கேட்பது இதுதான்: "ஐயா, அப்படி எடுத்தால் பிள்ளை டொக்டராக வர இயலுமா?"

இயலாது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் மருத்துவ பீடங்களுக்கு விண்ணப்பிக்க விரும்பும் மாணாக்கர் உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் ஒரே தடவையில் எழுதிச் சித்தியடைந்திருத்தல் வேண்டும். மூன்றில் எதற்கும் மாற்றுப் பாடம் கிடையாது. விவசாய விஞ்ஞானம் உதவாது; இணைந்த கணிதமும் உதவாது. பல் மருத்துவத்துக்கும் இம்மூன்றே வேண்டும்.

இதனை நாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் எமக்குத் தெரிந்த மாணவன் ஒருவன் இவ்வாறே பாடம் மாற்றிக்கொண்டான். அவனும் வைத்தியக் கனவோடுதான் படித்தான். மூன்று பாடங்களிலும் அதிவிசேட சித்தி பெற்றான், ஊரே மகிழ்ந்தது. பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பும் நாளில், கைநூலைப் புரட்டிய அவனுடைய மாமனார்தாம் அந்த வரியை முதலில் கண்டவர். இரண்டு வருடம் முழுவதும் அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் பலர் இருந்தார்கள். அவன் பின்னர் விவசாய பீடத்திலே சேர்ந்து நன்றாகவே படித்தான் என்பது ஆறுதல். ஆயினும் அந்த மாலைப் பொழுதில் அவன் முகம் போன போக்கை நாம் இன்னும் மறக்கவில்லை.

விவசாய விஞ்ஞானத்தை நாம் குறைத்துப் பேசுவதாக எவரும் எண்ணவேண்டாம். மண்ணையும் பயிரையும் கால்நடையையும் விரும்பும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. கிளிநொச்சியிலும் வந்தாறுமூலையிலும் விவசாய பீடங்கள் இருக்கின்றன. அதனை விரும்பி எடுப்பது வேறு. அதன் விளைவை அறியாமல் எடுப்பது வேறு.

இனி, "புள்ளி கூட வரும்" என்ற பேச்சைப் பார்ப்போம். இது பெற்றோர் பலரிடமும், வருந்தத்தக்க முறையில் ஆசிரியர் சிலரிடமும் வேரூன்றிவிட்ட தவறு. முற்காலத்தில் பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டிப் பார்த்தார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. மாணவர் ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தை எழுதிய எல்லோரின் சராசரிப் புள்ளியைக் கழிக்கிறார்கள். வரும் மீதியை நியம விலகலால், அதாவது அந்தப் பாடத்தின் புள்ளிகள் சராசரியைச் சூழ எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் அளவினால், வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு கண்டு, அவற்றின் சராசரியை எடுக்கிறார்கள்.

கணக்காகச் சொன்னால் விளங்கும். ஒரு பாடத்தின் சராசரி 40, விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 எடுத்தவருக்கு மிகுதி 30. அதை 15 ஆல் வகுக்க வருவது 2. வேறொரு பாடத்தின் சராசரி 60, விலகல் 10 என்க. அதில் 75 எடுத்தவருக்கு மிகுதி 15. வகுக்க வருவது ஒன்றரை. எழுபத்தைந்து வாங்கியவர் எழுபது வாங்கியவருக்குப் பின்னே நிற்கிறார்! எல்லோருக்கும் இலகுவான பாடம் எவருக்கும் இலாபம் தருவதில்லை. இலகு என்று தேடிப்போகும் பாடத்தில் இசட் புள்ளி இலகுவாக வருவதில்லை என்பதைப் பெற்றோர் மனத்திற் கொள்ளல் நன்று.

பௌதிகவியலைக் கண்டு உயிரியற் பிரிவுப் பிள்ளைகள் அஞ்சுவது புதிதன்று. இணைந்த கணிதம் கற்கும் பிள்ளைக்குக் காவியும் திரிகோண கணிதமும் நாளாந்தம் கைபழகுகின்றன. உயிரியல் கற்கும் பிள்ளையோ சாதாரண தரத்தோடு கணிதப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஆறு மாதத்தின் பின் பௌதிகவியல் வகுப்பிலே மடக்கையைக் கண்டு திகைக்கிறது. இங்கே குறை பௌதிகவியலில் இல்லை. மூடி வைத்த கணிதப் புத்தகத்திலேதான் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் மடக்கை, சைன் கோசைன், சமன்பாடுகளை மாற்றி எழுதுதல், வரைபு கீறி அதன் படித்திறனைக் காணுதல் ஆகியவற்றை ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் பழகிக்கொண்டால், அச்சத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும். நாம் பலருக்கு இதைச் சொல்லி, செய்தவர்கள் பயன்பெற்றதைக் கண்டிருக்கிறோம். செய்யாதவர்கள்தாம் தொகையிற் கூட.

வைத்தியருக்குப் பௌதிகவியல் எதற்கு என்று கேட்பாரும் உளர். இரத்தம் குழாயில் ஓடுவதும், கண்வில்லை ஒளியை முறிப்பதும், இதயத்தின் மின்னலையைத் தாளிற் பதிவதும், எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பதும் பௌதிகவியலன்றி வேறென்ன?

பழைய காலத்தவர் சிலர், "எங்கள் நாளில் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நான்கு பாடம் படித்தோம், இப்போது மூன்றுதானே" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வதுண்டு. உண்மைதான். 2000 ஆம் ஆண்டளவிலே தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என்ற ஒரே பாடமாயின. ஆனால் பாடம் ஒன்று குறைந்ததால் போட்டி குறைந்துவிடவில்லை. பௌதிகவியலின் முதலாம் வினாத்தாளில் ஐம்பது வினாக்கள், இரண்டு மணிநேரம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் முழுதாக இல்லை. பின்னர் மூன்று மணிநேரத்துக்கு எழுத்து வினாத்தாள். பாட்டனார்கள் அந்த வினாத்தாளை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுக் கடிந்துகொள்வார்களாக.

மாவட்ட ஒதுக்கீடு பற்றியும் அத்தந்தையார் கேட்டிருந்தார். மருத்துவ பீட இடங்களில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமை வரிசையிலும், 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா, முல்லைத்தீவு, மன்னார் போன்றவை அவ்வகை மாவட்டங்கள். இதனாலேயே வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கற்றது என்பதைக் கொண்டே மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. உறவினர் வீடு இருக்கிறது என்று பிள்ளையைக் கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்புமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலில் அவ்விதியைப் படித்துப் பார்க்கவேண்டும். கைநூல் தமிழிலும் கிடைக்கிறது. உயர்தரம் முடிந்த பின்னர் வாங்கும் நூலாக அதை எண்ணியிருக்கிறோம். உயர்தரம் தொடங்குமுன் வாசிக்கவேண்டிய நூல் அது.

எல்லாப் பிரிவினரும் எழுதும் பொதுத் தேர்வொன்றும் உண்டு. அதன் புள்ளி இசட் புள்ளியிற் சேராது. ஆனால் நூற்றுக்கு 30 ஆவது பெறாவிட்டால் பல்கலைக்கழக வாசல் திறவாது. பொது ஆங்கிலமும் அவ்வாறே கணக்கிற் சேராத பாடம் என்பதால் பிள்ளைகள் அதைத் தீண்டுவதில்லை. இது பெருந்தவறு. உயர்தரம்வரை தமிழிலே கற்கும் பிள்ளை மருத்துவ பீடத்தில் காலடி வைத்த நாள் முதல் ஆங்கிலத்திலேயே உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் கற்கவேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், தாம் தமிழைக் கற்று, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயிலே தமிழ் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். அந்த வழி தொடர்ந்திருந்தால் என்று எண்ணிப் பெருமூச்சு விடலாம். ஆனால் பிள்ளைக்கு இன்று வேண்டியது ஆங்கில அகராதியும் நாளொன்றுக்கு இரண்டு பக்க வாசிப்பும்.

வைத்தியம் கிடையாமற் போனால்? இக்கேள்வியைக் கேட்பதே அபசகுனம் என்று எண்ணும் வீடுகள் உண்டு. வைத்திய மாப்பிள்ளைக்குள்ள மதிப்பைக் கண்டு பழகிய சமூகம் வேறெப்படி எண்ணும்! ஆனால் விண்ணப்பிப்போர் பலர், இடங்கள் சில. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற மூன்றையும் கற்ற பிள்ளைக்குப் பிற வாசல்களும் திறந்தே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியன உள்ளன. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கற்பிக்கப்படுகிறது. விவசாயமும் விஞ்ஞானப் பட்டமும் இருக்கவே இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்காக மூன்று தடவைக்கு மேல் பரீட்சை எழுத முடியாது. மூன்றாந் தடவையையும் வைத்தியம் ஒன்றுக்கே என்று எழுதி, பத்தொன்பது இருபது வயதை அறைக்குள் கழிக்கும் பிள்ளைகளைக் கண்டு நாம் மனம் வருந்தியிருக்கிறோம். முதல் தடவையிலேயே நல்ல பெறுபேறு வந்து, தாதியியலோ ஆய்வுகூட விஞ்ஞானமோ கிடைத்தால், அதை ஏற்பதா மீண்டும் எழுதுவதா என்ற முடிவைப் பிள்ளையோடு இருந்து பேசி எடுக்கவேண்டும். பிள்ளைக்காகத் தகப்பனார் மாத்திரம் எடுக்கலாகாது.

வெளிநாடு சென்று மருத்துவம் கற்க எண்ணுவோருக்கும் இப்பாடத் தெரிவு பொருந்தும். அங்கே அனுமதி தரும் கல்லூரி எதையும் கேளாமல் இருக்கலாம். ஆனால் திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய இலங்கை மருத்துவப் பேரவை பதிவு செய்தல் வேண்டும். பேரவை நடத்தும் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். காணியை விற்றுப் பணம் கட்டுமுன் பேரவையின் விதிகளைக் கேட்டறிதல் அவசியம்.

நாம் அத்தந்தையாருக்கு எழுதியது இது. பௌதிகவியலை விடவேண்டாம். முதலாவதாக, உங்கள் நகரத்தில் பௌதிகவியல் ஆசிரியர் உள்ள பாடசாலை எது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் நேரிற் சென்று கேளுங்கள். பெறுபேற்றுத் தாளைக் கையோடு கொண்டு போங்கள். அதே மாவட்டத்துக்குள் மாறுவதால் ஒதுக்கீட்டுக்குப் பங்கமில்லை. இரண்டாவதாக, மாற முடியாது போனால், பாடசாலையில் பௌதிகவியலுக்கே பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். ஆசிரியர் இல்லை என்று பாடத்தை விடும் பிள்ளைகள் கூடக் கூட, ஆசிரியர் தேவையில்லை என்று மேலிடத்துக்குத் தோன்றிவிடும். அவளோடு பௌதிகவியல் கேட்கும் வேறு பிள்ளைகள் இருந்தால், பெற்றோர் எல்லோருமாகக் கையொப்பமிட்டு அதிபரிடம் ஒரு மனுக் கொடுங்கள். வார இறுதி வகுப்பொன்று நகரத்திலே நடக்கிறதென்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். பஸ் செலவைக் கணக்கிட்டுப் பார்த்து, முதல் தவணைக்காவது அனுப்புங்கள்.

பதில் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இம்முறை எழுத்து மகளுடையது, பேனாவால் எழுதியிருக்கிறாள். ஏழு பிள்ளைகள் மனுவில் சேர்ந்திருக்கிறார்களாம். திங்கட்கிழமை தந்தையார் வேலைக்குப் போகாமல் வலய அலுவலகத்துக்குப் போகிறார். மடக்கை அட்டவணை எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாள். எம்மிடம் ஒன்று இருந்தது, தபாலில் அனுப்பியிருக்கிறோம்.