நாள் குறிக்காத வாரண்டி

நம் சாலைகளில் ஓடும் மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தவை. ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரியும்வரை இந்த ஊர்களெல்லாம் தருமபுரிக்குள்தான் இருந்தன. அதே தருமபுரியின் கிழக்குக் கோடியில், தென்பெண்ணை ஓரத்துத் தீர்த்தமலையில் ஒருவருடைய ஸ்கூட்டரில் மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் போய்விட்டால், மாற்றுப் பாகம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல ஆளில்லை. “பார்ட் ஆர்டர் போட்டிருக்கோம், வந்ததும் கூப்பிடுறோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நகரத்தில் வண்டி நின்றால் ஆட்டோ இருக்கிறது, பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து இருக்கிறது. இங்கே அரூர் சுமார் 16 கிலோமீட்டர். பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோகிறவர், விடியலில் பூ வாங்கி வந்து மலையடிவாரத்தில் விற்கிறவர், உள்கிராமப் பள்ளிக்குப் போகும் ஆசிரியை என எல்லாருக்கும் வண்டிதான் பிழைப்பு. மின்சார ஸ்கூட்டர் செயலிழந்தால் தள்ளிக்கொண்டு போவதும் கடினம்; சில வண்டிகளில் சக்கரமே பூட்டிக்கொள்ளும். குட்டியானை பிடித்து ஏற்றி, அரூருக்கோ தருமபுரிக்கோ கைக்காசில் வாடகை கொடுத்துக் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஷெட்டில் வண்டி தூங்கும் மாதத்திலும் பைனான்ஸ்காரருக்கு டியூ தேதி தவறுவதில்லை.

வாரண்டி அட்டையில் மூன்று ஆண்டு, எட்டு ஆண்டு, எண்பதாயிரம் கிலோமீட்டர் என்று எண்கள் பெரிதாக இருக்கும். பழுது என்று வந்தால் எத்தனை நாளுக்குள் சரிசெய்து தருவார்கள் என்ற ஒரே ஓர் எண் மட்டும் பொதுவாக இருக்காது. வண்டி பாகத்துக்காகக் காத்துக் கிடக்கும் நாள்களும் வாரண்டிக் கணக்கில்தான் கழிகின்றன. இது மாற வேண்டும். பழுது நீக்கும் கெடுவை வாரண்டியிலேயே எழுதச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கெடு தாண்டினால் மாற்று வண்டி, அல்லது தினப்படி ஈட்டுத்தொகை. வண்டி ஷெட்டில் நின்ற நாள்களை வாரண்டியோடு கூட்டித் தர வேண்டும்.

தாமதத்துக்கு டீலரை மட்டும் திட்டிப் பயனில்லை. வாரண்டி வேலைக்கு அவருக்குக் கூலி தருவது கம்பெனி. அது பெரும்பாலும் வாடிக்கையாளர் தரும் கூலியைவிடக் குறைவு, வந்து சேரவும் நாளாகும். விலை உயர்ந்த பாகத்தை முன்கூட்டி வாங்கி அடுக்கி வைத்தால் அவருடைய முதல் முடங்கும். எனவே பழுதைப் படம் பிடித்து அனுப்பி, கம்பெனி ஒப்புக்கொண்ட பிறகே பாகம் கிடங்கிலிருந்து கிளம்புகிறது. இதற்கிடையே காசு கொடுத்துச் சர்வீஸ் செய்கிறவரின் வண்டி முன்னே போகிறது, வாரண்டி வண்டி சுவரோரம் ஒதுங்குகிறது. தாமதம் டீலருக்குச் செலவே வைப்பதில்லை, கம்பெனிக்கோ மிச்சம். கெடுவும் அபராதமும் வந்தால்தான் இந்தக் கணக்கு திரும்பும்.

டீலரே வேண்டாம், நாங்களே விற்று நாங்களே சர்வீஸ் செய்கிறோம் என்று வந்த ஓலாவின் கதை இன்னும் கசப்பானது. 2022 ஏப்ரலில் ஆம்பூர் அருகே ஒருவர், வாங்கிச் சில மாதங்களே ஆன தன் ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுவிட, அதன்மீது பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார். 2024 செப்டம்பரில் கலபுரகியில் சர்வீஸ் கிடைக்காத கோபத்தில் ஓர் இளைஞர் ஷோரூமுக்கே தீ வைத்தார். பின்னது குற்றம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் சொந்தப் பணம் போட்டு வாங்கிய வண்டியை ஒருவர் தானே கொளுத்துகிறார் என்றால், முறையிட அவருக்கு வேறு வாசல் தெரியவில்லை என்றே பொருள்.

2023 செப்டம்பர் தொடங்கி 2024 ஆகஸ்ட் முடிய ஓர் ஆண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்த ஒரு நிறுவனம் பற்றி வந்த புகார்கள் 10,644. அவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை சர்வீஸ் தாமதம் பற்றியவை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதப் புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்றது நிறுவனம். எத்தனை நாளில் தீர்த்தோம் என்ற கணக்கு அந்தச் சதவீதத்துக்குள் இல்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கடைகளின் எண்ணிக்கையை நாலாயிரமாக உயர்த்தியதாகவும் அறிவித்தது. கடை திறப்பது சுலபம். ஒவ்வொரு கடையின் அலமாரியிலும் கன்ட்ரோலர் இருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு நிறுவனத்தை மட்டும் குறிவைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். பெட்ரோல் வண்டி விற்கும் பழைய கம்பெனிகளிடமும் “பார்ட் வரல” என்ற பதில் உண்டு. ஒரு காலத்தில் பஜாஜ் ஸ்கூட்டர் வாங்கப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது நம் நடுத்தர வர்க்கம். இன்று வண்டியை அரை மணி நேரத்தில் தள்ளிவிடுகிறார்கள், காத்திருப்பு வாங்கிய பிறகு தொடங்குகிறது.

இந்த வண்டிகளில் பொதுப்பணம் இருக்கிறது என்பதையும் மறக்கலாகாது. 2024 மார்ச்வரை இருந்த மத்திய அரசின் ஃபேம் இரண்டாம் கட்ட மின்வாகன மானியத்துக்கான நிபந்தனைகளில், பேட்டரி உட்பட மூன்றாண்டு முழு வாரண்டியும், விற்பனைக்குப் பிந்தைய சேவைக்குப் போதிய வசதியும் அடங்கியிருந்தன. தமிழ்நாடு அரசு பேட்டரி வண்டிகளுக்குச் சாலை வரியை விலக்கியது. விற்பனைக்குப் பணம் கொடுத்த அரசு, சேவை வசதி போதுமா என்று அரூரிலும் ஊத்தங்கரையிலும் போய்ப் பார்த்ததா? 2025 அக்டோபரில் கோவா அரசு, வாடிக்கையாளர்கள் போராடிய பிறகு ஓலாவின் புதிய வண்டிகளைப் பதிவதை நிறுத்தி வைத்தது. வியாபாரச் சான்றும் வாகனப் பதிவும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கையில் இருப்பவை. கோவாவுக்கு முடிந்தது, ஆலையையே தன் மண்ணில் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு முடியாதா? முதலீடு போய்விடுமோ என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் வேலைவாய்ப்புக்காக ஆலையை வரவேற்றது வேறு, அதற்காக வாங்குகிறவரைக் கைவிடுவது வேறு.

இன்னொரு பூட்டையும் திறந்தாக வேண்டும். பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். நின்றால் ஊர்ப் பட்டறையிலேயே கார்புரேட்டரைக் கழற்றி ஊதி, மதியத்துக்குள் ஓட்டிவிடுவார்கள். மின்சார ஸ்கூட்டரின் பழுது எது என்று படிக்கும் மென்பொருளே கம்பெனியின் கையில். வெளி மெக்கானிக் கை வைத்தால் வாரண்டி போச்சு என்ற மிரட்டல் வேறு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுது காணும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தர மறுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அமெரிக்காவிலோ 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. இங்கே பழுதுபார்ப்பு உரிமைக்காக 2022-இல் மத்திய அரசு குழு அமைத்தது; இணையதளமும் வந்தது, சட்டம் வரவில்லை. பேட்டரியைத் தெரியாதவர் திறந்தால் ஆபத்து என்று கம்பெனிகள் சொல்வது நியாயமே. பேட்டரியை விட்டுவிடுங்கள். பிரேக், சஸ்பென்ஷன், டிஸ்ப்ளே, வயரிங், சார்ஜர் சாக்கெட் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற உள்ளூர் மெக்கானிக் பார்க்கத் தடையென்ன? தருமபுரி ஐ.டி.ஐ.யில் அந்தப் பயிற்சியைத் தொடங்க டெல்லியின் அனுமதி தேவையில்லை.

சட்டம் வரும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டியதுதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் தான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தீர்த்தமலைக்காரர் பெங்களூருக்கு அலைய வேண்டாம். வண்டிக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. தயாரிப்பிலேயே குறை என்று வாதிட்டால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள், வழக்கு இழுக்கும். சேவையில் தாமதம் என்று வாதிடுவது எளிது. அதற்குத் தேதிதான் சாட்சி. வண்டியை விடும்போது ஜாப் கார்டில் தேதி, ஓடிய கிலோமீட்டர், சொன்ன குறை மூன்றையும் எழுதச் சொல்லி, முத்திரையோடு ஒரு நகல் வாங்குங்கள். “வாய்ல சொன்னா போதும்ண்ணே, சிஸ்டத்துல ஏத்திக்கிறோம்” என்றால், ஏற்றியதைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாகம் வரவில்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் எண் வாங்கிக்கொண்டு, அந்தக் காகிதங்களோடு தருமபுரிக்குப் பேருந்து ஏறுங்கள்.