கோப்பின் கைரேகை

2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், கம்ப்யூட்டர் பதிவுகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்வோர் அவற்றின் ஹாஷ் எண்ணையும் சான்றிதழில் குறிக்க வேண்டுமென்று விதிக்கிறது. இவ்விதியை நாம் வரவேற்கிறோம். ஆனால் அவ்வெண் எப்பொழுது எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பிரஜைக்கு அதனால் பாதுகாப்பு உண்டு.

ஹாஷ் எண் கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் அடியோடு மாறிவிடும். அமெரிக்க சர்க்காரின் நிஸ்ட் ஸ்தாபனம், வெளிவந்த சாப்ட்வேர்களின் கோப்புகளுக்கு எண் கணித்துப் பெரும் பட்டியலொன்றை வைத்திருக்கிறது. கைப்பற்றிய கம்ப்யூட்டரிலுள்ள கோப்புகளை அதனோடு ஒப்பிட்டால், தெரிந்த கோப்புகள் முறத்தில் புடைத்தாற்போல் ஒதுங்கும். மிஞ்சியவற்றை நிபுணர் ஆராயலாம். எனினும் பட்டியலில் இருப்பதனாலேயே ஒரு கோப்பு குற்றமற்றதாகாது. பிறர் கம்ப்யூட்டரில் புகுவதற்கான கருவிகளும் அதிலுண்டு. இல்லாததனாலேயே குற்றமுள்ளதுமாகாது, நாம் எழுதும் கடிதம் எப்பட்டியலில் இருக்கும்?

பீமா கோரேகாவ் வழக்கில் ரோனா வில்ஸனுடைய கம்ப்யூட்டரை 2018-ல் புனா போலீஸார் கைப்பற்றினர். அதற்கு முன்பே அந்நியர் ஒருவர் உட்புகுந்து கடிதங்களை வைத்ததாக, நகலை ஆராய்ந்த அமெரிக்க ஆர்ஸனல் கம்பெனி 2021-ல் அறிக்கை தந்தது; பிராஸிகியூஷன் தரப்பு அதனை ஏற்கவில்லை. முன்பே நடந்த சூதை ஹாஷ் எண் தனியே காட்டாது. கைப்பற்றிய பின் நடக்கும் சூதையோ, அப்பொழுதே எண் எடுத்திருந்தால், அது காட்டிக்கொடுக்கும்.

கண்டாச்சிபுரத்தில் ஒரு தொண்டருடைய கம்ப்யூட்டரை எடுத்துச் சென்று, மாதங்கள் கழித்து எண் கணித்தால், இடைக்காலத்துக்குச் சாட்சி யார்? பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு சோதனையைப் படம்பிடிக்கச் சொல்கிறது. ஹாஷ் எண்ணைப் பற்றி அதில் ஒரு வார்த்தையுமில்லை. மேலும், சான்றிதழ்ப் படிவம் ஷா-256 முறையோடு எம்.டி.5, ஷா-1 ஆகியவற்றையும் அனுமதிக்கிறது. வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எண் வரச்செய்து, முன்னதை 2004-லும் பின்னதை 2017-லும் ஆராய்ச்சியாளர் உடைத்துக் காட்டிவிட்டனர். உடைந்த பூட்டைச் சட்டம் ஏன் சுமக்க வேண்டும்?

கைப்பற்றும்போதே ஷா-256 எண் எடுத்து, மகஜரில் எழுதி, உடையவருக்கு நகல் தர வேண்டும். அங்கேயே இயலாவிடில், முத்திரையிட்டு, அவர் முன்னிலையில் உடைத்துக் கணிக்க வேண்டும். சர்க்கார் இதைச் சட்டமாக்குக. அதுவரை, மகஜரில் கையெழுத்திடுமுன் எண்ணைக் கேட்பதும், மறுத்தால் அம்மறுப்பை எழுத்திலே பதிவு செய்வதும் ஒவ்வொரு தொண்டரின் கடமையாகும்.