நாய்க்கும் நாலடி மண்

வீட்டு நாய் செத்துப்போனால் முன்பெல்லாம் யோசிக்கவே வேண்டாம். கொல்லையில் தென்னை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்துவிடுவோம். இப்போது கொல்லை ஏது? மூன்றாவது மாடியில் குடியிருப்பவர் எங்கே போவார்? சாக்கில் கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. பத்து வருஷம் வாசலைக் காத்த ஜீவனுக்கு இதுவா மரியாதை?

நம் முன்னோர் இப்படி இல்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். கள்வர் இருவரை அது கடித்ததைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குப் போலவே ஜாக்கி என்ற நாய்க்கும் சமாதி உண்டு.

இடம் இருந்தால் புதைப்பதே நல்லது என்பேன். ஆனால் ஒரு முழம் தோண்டினால் தெருநாய்கள் கிளறிவிடும். மூன்று நாலடி ஆழம் வேண்டும். கிணற்றுப் பக்கம் கூடாது. பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய வேட்டி போதும். டாக்டர் ஊசி போட்டு உயிர் போன நாயென்றால் இன்னும் கவனம் தேவை. அந்த மருந்து உடலிலேயே தங்கும். தோண்டித் தின்கிற பிராணியும் சாகலாம்.

சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு எரியூட்டும் வசதி வைத்திருக்கிறது. சின்ன ஊர்க்காரர்கள் என்ன செய்வது? நகராட்சி ஒரு மூலையை ஒதுக்கக் கூடாதா? கட்டணம் வைத்தாலும் கொடுப்போம். நாய் வளர்க்க லைசென்ஸ் கேட்கிறவர்கள், செத்தால் எங்கே கொண்டுபோவது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதித் தரட்டும்.