இதற்குப் பெயர் விளையாட்டா?

காலை ஆறரை மணிக்கு ஹால் விளக்கைப் போட்டதும் கண்ணில் படுவது அந்தத் துரத்தல்தான். ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி. வயிறு பெருத்த சாம்பல் நிறப் பெண் கப்பி ஒன்று மூலைக்கு மூலை ஓடுகிறது. சிவப்பு வாலை விரித்தபடி மூன்று ஆண்கள் அதன் பின்னாலேயே. ஓடிக் களைத்து வடிகட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கினால் அங்கேயும் ஒன்று நுழைந்து வாலைக் கடிக்கிறது. போன வெள்ளிக்கிழமை இன்னொரு பெண் மீன் செத்து மிதந்தது. உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, பூஞ்சை இல்லை. வால் மட்டும் பாதி இல்லை. என் மகன் பள்ளிக்குப் போகாமல் அழுதான்.

மூன்று ஜோடி வாங்கினோம், கடைக்காரர் சொன்னபடி. கப்பியை எங்கள் பக்கம் ஜோடியாகத்தான் விற்கிறார்கள். மலாயில் 'செப்பாசாங்' (ஒரு ஜோடி) என்று சொல்லி வண்ண ஆண் ஒன்று, மங்கலான பெண் ஒன்று என்று பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கடித்துக்கொள்கின்றனவே என்று மறுவாரம் போய்க் கேட்டேன். "தாக் ஆப்பா, மாயின்-மாயின் சாஜா" என்றார். விளையாடுகின்றனவாம். மேல் மாடி ஆன்ட்டியிடம் சொன்னால், "விடும்மா, ஆம்பள மீனு அப்படித்தான்" என்கிறார். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் கூடியது. தின்ன விடாமல், நிற்க விடாமல் ஓட ஓட விரட்டுவதற்கு விளையாட்டு என்று யார் பெயர் வைத்தார்கள்?

ஆண் கப்பிக்கு வயிற்றுக்குக் கீழே உள்ள துடுப்பு ஒரு குச்சிபோல நீண்டிருக்கும். இனச்சேர்க்கைக்கான உறுப்பு அது. வாலை விரித்து ஆடிக்காட்டிப் பெண்ணின் சம்மதத்துக்குக் காத்திருப்பதும் உண்டு. காத்திராமல் பின்னால் வந்து குச்சியால் குத்தப் பார்ப்பதும் உண்டு, நாள் முழுக்க. கப்பியின் தாயகங்களில் ஒன்றான டிரினிடாட்டின் ஓடைகளில் ஆன் மகுரன், பெனோனி செகர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் இதைக் கவனித்து 1994-இல் எழுதினார்கள். இந்தத் தொல்லையால் பெண் மீன்கள் இரை தேடும் நேரமே குறைந்துபோகிறது என்றார்கள். ஓடையிலேயே அப்படி என்றால் ஒன்றரை அடித் தொட்டியில் பெண் மீன் எங்கே போகும்?

'லோங்காங்கில் (கால்வாயில்) விட்டுவிடு' என்று ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் கம்போங் மேடான் அடுக்குமாடிகளைச் சுற்றியுள்ள கால்வாய்களில் எட்டிப் பார்த்தால் கப்பிக் கூட்டம் தெரியும். கொசுப் புழுவைத் தின்னும் என்று உலகம் முழுக்கக் கொண்டுபோய் விட்ட மீன் இது. கடையில் வாங்கியதைக் கால்வாயில் கொட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. வீட்டு மீனின் நோயும் கூடவே போய்ச் சேரும். ஆனால் அங்கே நின்று பார்த்தபோது ஒன்று புரிந்தது. துரத்தல் அங்கேயும் இருக்கிறது. ஆனால் விரட்டப்படும் பெண் பாசிக்குள் நுழைந்துவிடுகிறது, இல்லையென்றால் நீரோட்டத்தோடு பத்தடி தள்ளிப் போய்விடுகிறது. நான் வாங்கி வைத்தது நாலு பக்கமும் கண்ணாடி, அடியில் நீலக் கல், நடுவே ஒரு பிளாஸ்டிக் கோட்டை. ஒளிய ஓர் இலை இல்லை.

கடையில் வலையை எடுப்பதற்கு முன் இரண்டே வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்ணாவது வேண்டும், அப்போதுதான் தொல்லை பிரிந்துபோகும். குஞ்சு வேண்டாம், அழகு போதும் என்றால் ஆண்களை மட்டும் வளர்க்கலாம். அவையும் கடித்துக்கொள்ளும்தான். ஆறேழு இருந்தால் ஒன்றின் மேலேயே விழாது. குஞ்சு வேண்டும் என்பவருக்குக்கூட ஆண் தேவைப்படுவதில்லை. ஆண்களோடு இருந்த பெண் கப்பி பெரும்பாலும் சினையாகத்தான் வீட்டுக்கு வருகிறது. ஒருமுறை சேர்ந்த விந்தை மாதக்கணக்கில் உள்ளே சேமித்து வைத்து, நாலு வாரத்துக்கு ஒருமுறை ஈன்றுகொண்டே இருக்கும். ஈன்ற கையோடு ஆண்கள் அதை இன்னும் மோசமாக மொய்க்கும். அந்த நேரத்தில் பெண்ணைத் தனியே எடுத்துவிட வேண்டும். இத்தனையும் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மீன் சாக வேண்டியிருந்தது.

மிச்சமிருந்த இரண்டு பெண்களையும் ஒரு பக்கெட்டில் மாற்றினேன். குளோரின் போக ஒரு நாள் வைத்திருந்த தண்ணீர், மேலே கைநிறைய கியாம்பாங் என்ற மிதக்கும் செடி. முதல் நாள் இரண்டும் வேருக்கடியிலேயே கிடந்தன. மூன்றாம் நாள் காலையில் ஒன்று மேலே வந்து தீனியைக் கொத்தியது. பின்னால் யாரும் வரவில்லை. நிதானமாக இன்னொரு முறை கொத்தியது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போனேன். நான்கு பெண் மட்டும் போதும் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே வலையை விட்டுச் சிவப்பு வால் ஆண் ஒன்றை அள்ளினார். "வேண்டாம்" என்றேன். இலவசம் என்றார். அவர் அதைத் திரும்பத் தொட்டியில் விடுவதற்குள் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.