கோடையில் வீடுகளைக் குளிரச் செய்தல்

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் புகுத்திய காப்பிச் செடி, மஞ்சக்குட்டை முதலிய கிராமங்களில் இன்றும் மரநிழலிலேயே வளர்க்கப்படுகிறது. மலையின் உயரத்தைச் சமவெளிக்குக் கொண்டுவர இயலாது, நிழலைக் கொண்டுவரலாம். செடிக்கும் நிழல் வேண்டுமென்றறிந்த குடியானவர்கள், குடும்பத்தார் உறங்கும் வீட்டை வெயிலுக்கு விட்டுவிடுவது வருந்தத்தக்கது.

கூரை வேய்ந்த மண் வீடுகள் உஷ்ணத்தை எளிதில் உட்புகவிடா. அவற்றுக்குப் பதிலாக வந்த தகரம் பகலிலும், கான்கிரீட் இரவிலும் வெப்பத்தை உள்ளே சொரிகின்றன. சேலம் ஜில்லாவில் சித்திரை முற்பகுதியில் நடுப்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்பதால், சுவரைவிடக் கூரையே அதிக வெயிலை ஏற்கிறது. ஆதலால் பரிகாரமும் அங்கேயே தொடங்க வேண்டும்.

மாசி மாதத்தில் மேல்தளத்தைச் சுத்தஞ்செய்து, நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டிக் கஞ்சியுடன் கலந்து இருமுறை பூசுதல் நலம். வெண்ணிறம் வெயிலைத் திருப்பிவிடும். மழையில் கரையுமாதலால் ஆண்டுதோறும் பூசுதல் அவசியம். மேற்குச் சுவரையொட்டிப் பீர்க்கம்பந்தல் இட்டால் பிற்பகல் வெயில் தடைப்படும், காயும் கிடைக்கும். வீட்டுக் கழிவுநீரை அதற்குப் பாய்ச்சலாம். பகலில் சன்னல்களை மூடி இரவில் திறந்துவிடுதல் செலவில்லாத முறையாகும்.

தெலுங்கானா அரசாங்கத்தார் 2023-ல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தனர். தமிழ்நாட்டில் 2024-ல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. பேரிடருக்குப் பின் நிவாரணம் வழங்குவதினும், முன்னரே சுண்ணாம்பு பூசுதல் சிக்கனமன்றோ? கிராம அதிகாரிகள் பள்ளிக்கூடத்தையும் சாவடியையும் முதலில் வெள்ளையடித்துக் காட்டுவாராயின், ஏனையோர் பின்பற்றத் தயங்கார்.