பன்றியா மாடா என்று கேட்டது போதும்



எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. வால்வு மாற்ற வேண்டும் என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். அன்றே கிண்ணியா வாட்ஸ்அப் குழுமங்களில் சண்டை தொடங்கிவிட்டது: பன்றி வால்வு ஆகுமா, ஆகாதா? மூன்று நாளாக வொய்ஸ் மெசேஜ். பிள்ளையின் உம்மா அதையெல்லாம் கேட்டு அழுதுகொண்டிருந்தார்.

நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்பதை அல்பகரா 173ஆம் வசனத்தில் ஓதுகிறோம். மாட்டின் இதய உறையில் செய்த வால்வும் இருக்கிறது, இயந்திர வால்வும் இருக்கிறது. பிறகு எதற்கு இந்தச் சண்டை?

கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. இருக்கும் வால்வையே திருத்த முடியாதா? பிள்ளை வளரும், போட்ட வால்வு வளராது. சிறு வயதில் போட்டால் பின்னர் மறுபடியும் நெஞ்சைத் திறக்க நேரலாம். விலங்குத் திசு வால்வு பிள்ளைகளின் உடம்பில் சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். இயந்திர வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் ஆயுள் முழுக்க வாஃபரின் குளிசை குடிக்க வேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் இரத்தம் உறையும், பக்கவாதம் வரலாம். கூடினால் இரத்தக்கசிவு. அதற்காகத்தான் அடிக்கடி ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை. பெண்பிள்ளை என்றால், வாஃபரின் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதையும் பெற்றோர் இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"அதெல்லாம் டொக்டர் பார்த்துக்கொள்வார்" என்கிறீர்கள். ஒழுங்காகப் பரிசோதனைக்கு வர முடியுமா என்று டொக்டர் பெற்றோரிடம்தானே கேட்பார்? ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வாப்பா என்ன பதில் சொல்வார்? பஸ் காசும் ஒருநாள் கூலியும் சேர்ந்துதான் வால்வைத் தீர்மானிக்கின்றன.

திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் தானே உருவாக்கிய மலிவான இயந்திர வால்வை 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. வால்வை மலிவாகச் செய்துவிடலாம். அதற்குப் பிந்திய வருடங்களுக்குத்தான் நம்மிடம் ஏற்பாடில்லை.

சத்திரசிகிச்சைக்கு என்று ஜும்ஆவில் அறிவித்தால் துண்டு நிறைகிறது. பிள்ளை வீடு வந்ததும் மறந்துவிடுகிறோம். மறக்காமல் இருக்கச் சில வேலைகள் உள்ளன:

ஒவ்வொரு பள்ளிவாசலும் இப்படியான பிள்ளைகளின் பயணச் செலவை மாதாமாதம் ஏற்கட்டும்.

கத்னா செய்யும் முன், பல் பிடுங்கும் முன், வால்வு பற்றியும் வாஃபரின் பற்றியும் சொல்லுங்கள். நோவுக்குக் கடையில் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். கீரையை நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம்.

கிண்ணியா, மூதூர், தோப்பூர் பிள்ளைகளுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியிலேயே ஐ.என்.ஆர். பரிசோதனை தவறாமல் கிடைக்க வேண்டும் என்று எல்லா ஊரும் சேர்ந்து எழுதிக் கேட்போம். பாதையில் ஏறிக் கடந்த ஊர் இது. கேட்டுக் கேட்டுத்தான் 2009இல் பாலம் கண்டோம்.

அந்தப் பிள்ளை திரும்பி வந்து எங்கள் வகுப்பில் உட்கார வேண்டும். துஆச் செய்யுங்கள். வொய்ஸ் மெசேஜை நிறுத்துங்கள்.