வெறும் வயிறும் தேர்வு அச்சமும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் நம் முன்னோர். பொதுத் தேர்வு நெருங்கும்போது சித்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். சுவரை நினைப்போர் சிலரே.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் காலைப் பொழுதைப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுகிறோம், படிக்கிறோம், சிறப்பு வகுப்பிற்கு ஓடுகிறோம். இடையில் ஒரு டம்ளர் காப்பி, இரண்டு பிஸ்கட்டு. இடைவேளையில் முறுக்கு அல்லது மிக்சர். கணக்குத் தேர்வன்று சிலருக்குக் குமட்டல், சிலருக்கு வயிற்றுப் போக்கு. "நடிக்கிறாள்" என்று கூறிவிடுகின்றனர். அது நடிப்பன்று.

மூளைக்கும் குடலுக்கும் நரம்புத் தொடர்பு உண்டு. நாம் அஞ்சும்போது இரத்தம் குடலை விட்டுத் தசைகளை நாடுகிறது. இரைப்பையின் வேலை மந்தமாகிறது. பெருங்குடலோ விரைந்து இயங்குகிறது. இதனால் வருவதே அந்தத் தொல்லை.

எனினும், நாள்பட்ட வலியைத் தேர்வு பயம் என்று தள்ளிவிடலாகாது. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையே காரணம் என்று பலரும் நம்பியிருந்தனர். ஒரு பாக்டீரியாவே முக்கிய காரணம் எனக் கண்டறிந்த மார்ஷல், வாரன் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே வலி நீடித்தால் மருத்துவரைக் காண்பதே முறை.

உணவிலும் நம் கவனம் வேண்டும். பெருங்குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு நார்ச்சத்தே உணவு. மைதா பிஸ்கட்டில் அது எங்கே இருக்கிறது? நார்ச்சத்தும் தண்ணீரும் குறைந்தால் மலச்சிக்கல் வருகிறது. கேழ்வரகுக் கூழ், சுண்டல், கீரை, கொய்யாப்பழம் ஆகியவை ஏழை வீட்டிற்கும் எட்டக் கூடியவையே. பழைய சோற்றில் மோர் ஊற்றி உண்ண ஐந்து நிமிடம் போதும்.

பசித்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதை உணர்ந்தே காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. பதினைந்து வயதில் மட்டும் பசி மறைந்து விடுமா?

அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் பணிவுடன் ஒன்று வேண்டுகிறோம். சிறப்பு வகுப்பு முடிந்து முதல் மணி அடிக்குமுன் கால் மணி நேரம் எங்களை உண்ண விடுங்கள். பெற்றோரே, சாப்பிடும் வேளையில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேளாதீர்கள். தோழியரே, புத்தகப் பையில் டிபன் பாக்ஸுக்கும் இடம் வையுங்கள்.

கால் மணி நேரத்தால் பாடம் குறைந்து விடாது. வெறும் வயிற்றோடு கேட்ட பாடமோ மனத்தில் நில்லாது.